வீட்டிலேயே பட்டுப்புழுக் கூண்டு கட்டுவது: மட்டக்களப்பு, அம்பாறை வெப்பத்துக்கு ஏற்ற முழு வழிகாட்டி

பட்டுப்புழு எங்கேயும் ஓடிப்போகாது. இலை இருக்கும்வரை வைத்த இடத்திலேயே கிடக்கும், அந்துப்பூச்சியாக மாறின பிறகும் அதால் பறக்க முடியாது. அப்படியென்றால் கூண்டு எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் நினைத்தேன். குசினிக்கு அடுத்த அறையில் மேசைமேல் சுளகு வைத்து, அதில் புழுவை விட்டு, மேலே பழைய சேலைத் துண்டு ஒன்றைப் போட்டு மூடியிருந்தேன். மூன்றாவது தோலுரிப்பு முடிந்த இரவு. விடிய எழும்பிப் பார்த்தால் மேசைக் காலிலிருந்து சுளகு விளிம்பு வரைக்கும் எறும்பு நிரை, அதுவும் இரண்டு பக்கமாக, ஏறுவது ஒரு நிரை, துண்டு துண்டாகக் காவிக்கொண்டு இறங்குவது மற்ற நிரை. முந்நூறு புழுவில் உயிரோடு மிஞ்சியது பதினொன்று. அம்மம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சுளகுக்க வெச்சா எறும்பு விடுமா மனே?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சுளகைத் தூக்கி வெயிலில் போட்டார்.

அன்றைக்கு விளங்கினது இதுதான்: கூண்டு புழுவை உள்ளே அடைப்பதற்கு இல்லை, மற்றதெல்லாவற்றையும் வெளியே நிறுத்துவதற்கு. எறும்பு, பல்லி, எலி, புழுவின் மேல் முட்டையிடும் ஈ, நுளம்புத்திரிப் புகை, கச்சான் காற்று, மாரி ஈரம், எல்லாம் வெளியே நிற்க வேண்டும். கீழே சொல்லப்போகிற ஒவ்வொரு அளவும் இந்தக் கணக்கில் வந்ததுதான். (கூடு என்றால் புழு கட்டுகிற பட்டுக்கூடு, கூண்டு என்றால் நாம் கட்டுவது. குழப்பம் வராமலிருக்க இப்படியே எழுதுகிறேன்.)

எத்தனை புழு என்று முதலில் முடிவெடுங்கள்

ஒரு தாய் அந்துப்பூச்சி 400 முதல் 500 முட்டை இடும். ஆகவே ஒரு பூச்சியின் முட்டைத் தொகுதி, அதாவது ஏறத்தாழ 400 புழு என்பது வீட்டுக்குச் சரியான அளவு. பொரிக்கும்போது 3 மில்லிமீற்றர் நீளம்கூட வராத, எறும்புக்குஞ்சு மாதிரிக் கறுத்த ஒன்று, 25 நாளுக்குள் விரல் நீளம் வளர்ந்து, பொரித்த எடையைப்போல ஏறத்தாழ பத்தாயிரம் மடங்காகிறது. 400 புழுவும் முதல் வாரம் ஒரு சாப்பாட்டுக் கோப்பைக்குள் அடங்கும், கடைசி வாரம் 10 சதுர அடி கேட்கும். குளிரான இடங்களில் ஒரு சதுர அடிக்கு 60 புழு வரை விடுவார்கள். எங்கள் பக்கத்து வெப்பத்துக்கு 40க்கு மேல் விடாதீர்கள்.

இலைக் கணக்கையும் இப்போதே பார்த்துவிடுங்கள், கூண்டு கட்டி முடித்த பிறகு பார்த்துப் பிரயோசனமில்லை. ஒரு புழு கூடு கட்டும்வரை 20 முதல் 25 கிராம் மல்பெரி இலை தின்னும். 400 புழுவுக்கு 9, 10 கிலோ. அதில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் கடைசிப் பருவத்து (ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம்தான் ஒரு பருவம்) ஏழெட்டு நாளில் போய்விடும். நன்றாகப் பராமரித்த செடி ஒன்றில் ஒரு வெட்டுக்கு அரைக் கிலோ இலை எடுக்கலாம் என்று வைத்தாலும் 20 செடி வேண்டும், 30 இருந்தால் நிம்மதி. பென்சில் தடிப்பில், மூன்று நாலு முளை இருக்கிற மாதிரி ஒரு சாண் தண்டு வெட்டி, மழை தொடங்கும்போது நட்டால் ஆறு மாதத்தில் இலை எடுக்கலாம். செடி இல்லாமல் முட்டை எடுக்காதீர்கள். வேறு இலையைப் போட்டுச் சமாளிக்க முடியாது.

நடும் இடமும் முக்கியம். எங்கள் வளவு படுவான்கரையில் (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை), வயலோரம். பெரும்போகத்தில் பயிர் நிற்கும்போது அடிக்கிற பூச்சிமருந்து காற்றில் வந்து இலையில் படிந்தால் கண்ணுக்குத் தெரியாது, புழுவுக்குத் தெரியும்: தலையை ஆட்டி, பச்சையாகக் கக்கி, சுருண்டு விழும். செடியை வயலுக்கு எதிர்ப்பக்கம், கதியால் வேலிக்கு உள்ளே நடுங்கள். பக்கத்து வயலில் மருந்து அடிக்கிற நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, முதல்நாளே இலை பறித்து ஈரச்சாக்கில் சுற்றி வைப்பது என் வழக்கம்.

எப்போது, எங்கே

புழுவுக்குப் பிடித்த வெப்பம் 24 முதல் 28 பாகை. சின்னப் பருவத்தில் 27, 28 தேவை, பெரிய பருவத்தில் 25 சுற்றி இருந்தால் நல்லது. இங்கே அதற்குப் பொருத்தமான காலம் மாரி மழை ஓய்ந்த தை பிற்பகுதியும் மாசியும். வைகாசி தொடங்கிக் கச்சான் வீசும் மாதங்களில் பகலில் 33, 34 வரும், அந்தக் காலத்தில் புதிதாகத் தொடங்குபவர்கள் கை வைக்கவேண்டாம். முட்டை எடுக்கும்போது மஞ்சள் கூடு கட்டுகிற கலப்பினம் கிடைத்தால் அதையே எடுங்கள். வெள்ளைக் கூடு கட்டுகிறவை நூல் அதிகம் தரும், ஆனால் வெப்பம் தாங்காது. முட்டையை நோய்ப் பரிசோதனை செய்த இடத்திலிருந்துதான் எடுக்கவேண்டும், வெளிநாட்டிலிருந்து அனுமதி இல்லாமல் பையில் போட்டுக் கொண்டுவரவும் கூடாது. பெப்ரின் என்ற நோய் தாயிலிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வருவது. 1860களில் பிரான்சின் பட்டுத்தொழிலை அதுதான் சரித்தது, லூயி பாஸ்டர் தாய்ப்பூச்சியை நுணுக்குக்காட்டியில் பார்த்து நல்ல முட்டையைப் பிரிக்கும் வழியைக் காட்டித்தான் அதை மீட்டார். இன்றைக்கும் அதே வழிதான்.

கூண்டு வைக்க வடக்கு அல்லது கிழக்குப் பக்க அறை, யன்னல் இரண்டு எதிரெதிராக இருந்தால் இன்னும் நல்லது. தகரக் கூரைக்கு நேர் கீழே வேண்டாம், கிடுகு அல்லது ஓட்டுக் கூரை நல்லது. குசினிப் புகை வருகிற இடமும் வேண்டாம். வீட்டில் நுளம்புத்திரி கொளுத்தும் பழக்கம் இருந்தால் அந்த ஒரு மாதம் முழுமையாக நிறுத்துங்கள், நுளம்பைக் கொல்லும் அதே மருந்து பட்டுப்புழுவையும் கொல்லும். டெங்குக்காகப் புகை அடிக்க வருவதாகத் தெரிந்தால் யன்னலைப் பூட்டி, புழுத் தட்டுகளை வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவதைத் தவிர வழியில்லை.

சட்டம்

தேவையானது: 2க்கு 2 அங்குல மரம் 20 அடி, 2க்கு 1 அங்குல றீப்பை ஒரு 45 அடி, ஆணி, நுளம்பு வலை, அடிப்பக்கத்துக்குக் கால் அங்குலக் கண் கம்பிவலை கொஞ்சம், தண்ணீர் வைக்க நாலு கிண்ணம். மரம் வாங்கும்போது கறையான் மருந்து பூசினதா என்று கேளுங்கள், பூசியிருந்தால் வேண்டாம். வார்னிஷும் பெயின்றும் வேண்டாம். பழைய வீடு பிரித்த தென்னஞ் சிலாகை மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து மணமற்றுக் கிடந்தால் அதைவிட நல்லது கிடைக்காது.

5 அடி உயரத்தில் நாலு கால். கால்களுக்கு நடுவே உள்ளளவு நீளப்பாட்டுக்கு 2 அடி 7 அங்குலம், ஆழத்துக்கு 2 அடி 2 அங்குலம். நிலத்திலிருந்து ஓர் அடி விட்டுச் சுற்றிவர ஒரு றீப்பைச் சட்டம், உச்சியில் இன்னொரு சட்டம். இரண்டுக்கும் இடையில் தட்டு தாங்க இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒவ்வொரு றீப்பை, நிலத்திலிருந்து ஒன்றரை அடியில் முதலாவது, பிறகு ஒவ்வொரு அடிக்கும் ஒன்று. நாலு தட்டு வரும். நாலு தட்டும் ஒரே நேரத்தில் நிறையாது: இரண்டில் புழு, ஒன்று மாற்றிப் போட வெறுமையாக, மற்றது புழு கூடு கட்டுவதற்கு. வெறும் தட்டு இல்லாமல் துப்புரவு செய்யவே முடியாது, அதனால் மூன்று போதும் என்று குறைக்காதீர்கள்.

குறுக்கே தட்டிப் பாருங்கள், ஆடக்கூடாது. இரவில் யாராவது இடித்தால் தோலுரிக்கிற புழு குலுங்கும், அந்த நேரம் அதைத் தொடவே கூடாது.

வலை

சின்ன வலை வேலைதானே என்று நினைக்கவேண்டாம், இதில்தான் எனக்குத் தெரிந்த ஒருவரின் முழுத்தொகுதியும் போனது. வீட்டில் கிடந்த பழைய நுளம்பு வலையை வெட்டிக் கட்டியிருந்தார். இரண்டே நாளில் எல்லாப் புழுவும் செத்துப்போனது. மலேரியாக் காலத்தில் எங்கள் பக்கம் கொடுக்கப்பட்ட வலைகள் நூலிலேயே மருந்தூட்டியவை. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டுவிட்டது, ஆனால் அந்த வலைகள் இன்னும் பல வீட்டு அலுமாரிகளில் இருக்கின்றன, மீனுக்கும் கோழிக்குஞ்சுக்கும் வேலிக்கும் பாவிக்கப்படுகின்றன. கழுவினாலும் மருந்து முற்றாகப் போகாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத வலையைத் தொடாதீர்கள், சாதாரண வலைத்துணி புதிதாக வாங்கி ஒருமுறை சவர்க்காரத்தில் அலசிக் காயப்போடுங்கள்.

மூன்று பக்கமும் அடிப்பக்கமும் வலையை இழுத்து, மேலே மெல்லிய மரச்சட்டம் வைத்து ஆணி அடியுங்கள். வெறும் வலையில் ஆணி அடித்தால் ஒரு வாரத்தில் கிழியும். மேற்பக்கத்துக்கு வலையோடு ஒரு துணியும் போடுங்கள், கூரையிலிருந்து பல்லி எச்சம் விழும். முன்பக்கம் கதவு வேண்டாம். பிணைச்சல், கொளுவி எல்லாம் வைத்தால் எங்காவது ஒரு விரல் இடைவெளி வந்துவிடும், பல்லிக்குஞ்சுக்கு அது போதும். அதற்குப் பதிலாக உச்சியிலிருந்து தொங்குகிற திரை, இரண்டு பக்கமும் அரை அடி கூடுதலாக, அடிவிளிம்பை மடித்துத் தைத்து அதற்குள் ஒரு கம்பு. தூக்கிச் சுருட்டி மேலே வைத்து வேலை செய்யலாம், விட்டால் தன் பாரத்தில் இறங்கி ஒட்டிக்கொள்ளும்.

எலி நைலோனைக் கடிக்கும். நெல்மூட்டை வைத்திருக்கிற வீடென்றால் அடிப்பக்கத்துக்கும் பக்கங்களில் கீழ் ஓர் அடிக்கும் வலைக்கு வெளியே கம்பிவலை அடியுங்கள்.

நாலு கிண்ணம்

நுளம்பு வலைக் கண்ணால் சின்ன எறும்பு தாராளமாக உள்ளே போகும். எறும்பை நிறுத்துவது வலை இல்லை, கால்களுக்குக் கீழே இருக்கிற தண்ணீர்தான். ஒவ்வொரு காலையும் அகலமான ஒரு கிண்ணத்தில் நிறுத்தி, காலைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்காவது தண்ணீர் நிற்கவேண்டும். மரம் ஊறாமலிருக்கக் காலுக்குக் கீழே ஒரு தட்டைக் கல். சிரட்டை ஒடுக்கம், எறும்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கடந்துவிடும்.

தண்ணீரில் தூசு படிந்து ஆடை கட்டினால் அதன்மேலும் எறும்பு நடக்கும். பாத்திரம் கழுவுகிற திரவத்தில் இரண்டு மூன்று துளி விடுங்கள், ஆடை உடையும். அதுவே நுளம்புக் குடம்பியையும் கொல்லும், ஏனென்றால் வீட்டுக்குள்ளே தண்ணீர்க் கிண்ணம் நாலு வைத்துவிட்டு மறந்தால் டெங்கு நுளம்பை நாமே வளர்த்ததாகிவிடும். மூன்று நாளைக்கு ஒருமுறை ஊற்றி மாற்றுங்கள். மண்ணெண்ணெய், ஒயில் வேண்டாம், மணம் இலையில் ஏறும்.

கூண்டு சுவரிலோ யன்னல் திரையிலோ முட்டக்கூடாது. ஒரு சாண் இடைவெளி. சுவரில் முட்டின ஒரே ஒரு வலைநுனி போதும், நாலு கிண்ணமும் வீண்.

தட்டும் மீன்வலையும்

தட்டு இரண்டரை அடிக்கு 2 அடி, சுற்றிவர 3 அங்குல விளிம்பு. அடிக்குப் பன்பாய்த் துண்டு அல்லது மெல்லிய பின்னல் ஏதாவது, அதன்மேல் பத்திரிகைத் தாள். பலகை அடி வேண்டாம், ஈரம் தங்கும்.

துப்புரவு செய்வதற்குத்தான் எங்கள் ஊரில் ஒரு வசதி இருக்கிறது: வாவிக்கரையில் கழித்துப்போட்ட மீன்வலை. கண் ஒரு பெருவிரல் போகிற அளவு இருக்கவேண்டும், சின்னப் பருவத்துக்கு அரைச் சென்ரிமீற்றர் கண். உப்பும் மீன்மணமும் போகக் கொதிதண்ணீரில் இரண்டு முறை போட்டு, வெயிலில் நாலு நாள் காயவிட்டு, தட்டின் அளவுக்கு வெட்டி வையுங்கள். துப்புரவு செய்யும் நேரம் புழுக்களின்மேல் வலையை விரித்து அதன்மேல் புது இலையைப் போடுங்கள். கொஞ்ச நேரம் பொறுத்து நின்று பாருங்கள். முதலில் ஒரு கண்ணுக்குள்ளால் வெள்ளைத் தலை ஒன்று மேலே வரும், முன்னங்கால்கள் நூலைப் பிடிக்கும், பிறகு உடம்பு வளையம் வளையமாகச் சுருங்கி மேலே இழுபடும், கடைசி வளையம் கண்ணைத் தாண்டும்போது அதில் ஒட்டியிருந்த எச்சம் கீழே உதிர்ந்துவிடும். ஒரு மணித்தியாலத்தில் கிட்டத்தட்ட எல்லாம் மேலே. வலையை நாலு மூலையிலும் பிடித்துத் தூக்கி வெறும் தட்டில் வைத்துவிட்டு, கீழே கிடக்கிற பழைய இலை, எச்சம், தாள் எல்லாவற்றையும் சுருட்டி வெளியே எடுத்துப் போடலாம். ஒரு புழுவையும் கையால் தொடவில்லை. மேலே ஏறாமல் கிடக்கிறவை பெரும்பாலும் நோயாளிகள், அவற்றைத் தனியாக எடுத்துப் புதையுங்கள்.

முதல் பத்து நாள்

குஞ்சுகள் மிகச் சின்னவை, கோழி இறகால்தான் எடுக்கவேண்டும். கொழுந்துக்கு அடுத்த மெல்லிய இலையை நெல்மணி அளவுக்கு அரிந்து போடுங்கள். அரிந்த இலை சீக்கிரம் வாடும், அதனால் முதல் இரண்டு பருவத்துக்கும் தட்டுக்குள்ளேயே ஒரு சின்ன அறை செய்கிறோம்: அடியில் சுத்தமான பொலித்தீன், சுற்றிவர நனைத்துப் பிழிந்த பஞ்சுத் துண்டு, மேலே இன்னொரு பொலித்தீன். ஈரப்பதம் 85 வீதத்துக்கு மேல் நிற்கும். இலை போடுவதற்கு அரை மணித்தியாலம் முன் மேல்மூடியை எடுத்துக் காற்று விடுங்கள். மூன்றாவது பருவத்திலிருந்து பொலித்தீன் வேண்டாம். பெரிய புழுவுக்கு ஈரம் எதிரி, அது 70, 75 வீதம் போதும். இதை மாற்றிச் செய்துதான் நிறையப் பேர் புழுவை அழுகவிடுகிறார்கள்.

சாப்பாடு நாளைக்கு நாலு தரம்: விடிய ஆறு, பதினொன்று, பின்னேரம் நாலு, இரவு ஒன்பதரை. இரவுச் சாப்பாடுதான் பெரியது. நனைந்த இலை போடவே கூடாது, மழைநாளில் பறித்தால் துணியால் துடைத்து விறாந்தையில் விரித்து உலர்த்திப் போடுங்கள். வெற்றிலை புகையிலை போடுகிறவர்கள் சவர்க்காரத்தால் கை கழுவாமல் இலையைத் தொடக்கூடாது, புகையிலை பட்ட இலை பட்டுப்புழுவுக்கு நேரடி நஞ்சு.

தோலுரிப்பு நாலு முறை வரும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நாள். தின்பது குறைந்து, தலையைத் தூக்கி அசையாமல், தோல் இறுகி மினுங்கினால் அதுதான். சாப்பாட்டை நிறுத்துங்கள். நீற்றிய சுண்ணாம்புத் தூளை மெல்லிய துணியால் சலித்துத் தூவுங்கள், மழை ஈரம் அதிகமென்றால் உமிக்கரியும் தூவலாம், படுக்கை உலர்ந்து நிற்கும். பத்தில் ஒன்பது புழு தோல் கழற்றிய பிறகுதான் அடுத்த இலை. முன்னால் எழும்பினவைக்கு மட்டும் போட்டால் தொகுதி இரண்டாகப் பிரிந்து கடைசிவரை தலையிடி.

வெப்பம் ஏறினால்

கடைசிப் பருவத்தில் படுக்கையே சூடாகும், எச்சமும் இலையும் புளிக்கும். தினமும் துப்புரவு செய்யுங்கள். வெளியே 31க்கு மேல் போனால் காற்று வருகிற பக்கத்து யன்னலில் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள், கூண்டில் முட்டாமல். மின்விசிறி நேராகப் படவேண்டாம். புழு வீங்கி, மூட்டுகள் புடைத்து, தோல் கிழிந்து பால்போல வடிந்தால் அது பால்புழு நோய், தொற்றும். அந்தப் புழுவைச் சுண்ணாம்போடு ஆழமாகப் புதைத்து, தொட்ட இறகையும் எரியுங்கள். வெள்ளையாக விறைத்துச் சுண்ணாம்புக்கட்டி மாதிரிக் கிடந்தால் பூஞ்சணம், ஈரம் அதிகமென்று அர்த்தம். வெப்பமானி ஈரமானி சேர்ந்த சின்ன ஒன்று வாங்கிக் கூண்டுக்குள் தொங்கவிட்டால் இந்தச் சோலியில் பாதி குறையும்.

கூடு கட்டும் தட்டு

தின்பதை நிறுத்தி, உடம்பு கொஞ்சம் சுருங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்தால் மஞ்சள் கண்ணாடி மாதிரித் தெரிந்து, தலையை ஆட்டிக்கொண்டு ஓரத்தைத் தேடினால் புழு பழுத்துவிட்டது. வாழ்க்கையில் அது அலைகிற ஒரே நேரம் இதுதான், திரையை இறக்கியே வையுங்கள். மூங்கில் கீற்றைச் சுருளாகப் பின்னிய சந்திரிகை கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் காட்போட் மட்டையை ஒன்றரை அங்குலப் பட்டையாக வெட்டி, பாதி வெட்டுகளில் ஒன்றுக்குள் ஒன்று செருகி, ஒரு புழுவுக்கு ஓர் அறை என்று கட்டம் செய்யுங்கள். தென்னீர்க்கையும் உலர்ந்த சுள்ளியையும் கட்டி வைத்தாலும் ஏறும், ஆனால் இரண்டு புழு ஒன்றாகக் கட்டுகிற இரட்டைக் கூடு அதிகம் வரும், அதில் நூல் எடுப்பது கஷ்டம். கூட்டுக்கு முன் புழு ஒருமுறை நீர் கழிக்கும், கீழே தாள் விரித்து அடுத்த நாள் எடுத்துவிடுங்கள்.

முதலில் ஒழுங்கில்லாத சிலந்திவலை மாதிரி ஒன்று. பிறகு உள்ளேயிருந்து தலை எட்டு வடிவத்தில் போய்ப்போய் வரும், சுவர் தடிக்கத் தடிக்க நிழலாக மட்டும் தெரியும், இரண்டு மூன்று நாளில் அதுவும் மறையும். இந்தத் தட்டை மட்டும் நான் இரவில் மூன்று நாலு தரம் எழும்பிப் பார்ப்பேன். ஆறாம் நாள் கூட்டைக் காதருகே ஆட்டினால் உள்ளே கூட்டுப்புழு கடகடவென்று தட்டுப்படும், பறிக்கலாம். நூல் வேண்டுமென்றால் கூடு கட்டத் தொடங்கிப் பத்து நாளுக்குள் ஆவியில் வைத்து உலர்த்தவேண்டும், பிந்தினால் பூச்சி கூட்டைத் துளைத்துவிடும். துளைத்த கூடும் வீணில்லை, அவித்துப் பஞ்சாக இழுத்துக் கையால் நூற்கலாம்.

கூடுகளை எடுத்த அன்றைக்கே கூண்டைப் பிரியுங்கள். தாள், பழைய படுக்கை எல்லாம் எரித்து, தட்டுகளையும் சட்டத்தையும் சவர்க்காரத்தால் தேய்த்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 20 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து நனையப் பூசி, வளவில் வெயில் விழுகிற இடத்தில் மூன்று நாலு நாள் விடுங்கள். வலையையும் மீன்வலையையும் கொதிதண்ணீரில் போடுங்கள். அடுத்த முட்டையை உள்ளே வைக்கும் முன் மூக்கைத் தட்டருகே கொண்டுபோய் மணந்து பாருங்கள், பிளீச்சிங் மணம் கொஞ்சமும் இருக்கக்கூடாது. இருந்தால் இன்னும் இரண்டு நாள் வெயில்.